இளைப்பாற்றிக்கு மட்டுமே

அவைத் தலைமை ஏற்று, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னை அச்சுறுத்திக்கொண்டிருக்கும் நலச்சங்கத் தலைவர் பெருந்தகை சுந்தரராமன் அவர்களே! மேடையை அணிசெய்யும் ஆன்றோரே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! வைகறை நகரின் வாசல்களிலிருந்தும் ஏரிக்கரைத் தெருவின் வீடுகளிலிருந்தும் ஒரே கூரையின்கீழ் வந்து கூடியிருக்கும் உறவுகளே! கண்ணுக்குத் தெரிய வந்தவர்களே, தெரியாமல் வந்தவர்களே! அனைவருக்கும் இந்த லோகநாயகியின் அன்பு வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதோ, அந்தப் பக்கக் கதவருகே ஒரு வரிசை நாற்காலி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. இந்தப் பக்கம் சுவரோரமாக இத்தனை பேர் கால் மாற்றி நிற்கிறீர்கள். ஏன் ஒருவரும் அங்கே போய் உட்காரவில்லை? இப்போது சிரிப்பைக் காணோமே!

மைக்செட் தம்பி, அந்த எக்கோவைக் கொஞ்சம் குறைப்பா. நான் ஒருமுறை சொன்னால் போதும். அந்த அறையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு குரல் பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டாம்.

இன்றைய கூட்டம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தின் பக்கத்து அறை வாசலில் தொங்கும் பலகையைக் கழற்ற வேண்டும், அறையைப் பூட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம். பலகையில் இருப்பது என்ன? 'இளைப்பாற்றி அறை'. இரண்டே சொல்! இரண்டு சொல்லுக்கு இத்தனை பெரிய கூட்டமா என்று கேட்பீர்கள். தாம்பரம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கியவள் சொல்கிறேன்: ஒரே ஒரு சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, வீட்டை விற்றுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சொல்லின் தந்தை இதோ இருக்கிறார், நம் செயலாளர் தோத்தாத்ரி சார். கூச்சப்படாதீர்கள் சார், நிமிர்ந்து உட்காருங்கள். மண்டபம் கட்டி முடித்தபோது அந்த அறைக்கு ஆங்கிலத்தில் ரெஃப்ரெஷ்மென்ட் ரூம் என்றுதான் எழுதுவதாக இருந்தது. சார் விடுவாரா? தமிழில்தான் வேண்டும் என்று தலைகீழாக நின்றார். சிற்றுண்டி என்று வைக்கலாமே என்றோம். டீயும் மோரும் உண்டியா, அவை குடிப்பவை ஆயிற்றே என்று மறுத்தார். டிபன் ரூம் என்றோம். முகத்தைச் சுளித்தார். தாகசாந்தி என்று நான் சொன்னேன். சாமி கும்பிடுகிற இடம் மாதிரி இருக்கிறது என்று அதையும் தள்ளினார். பிறகு அகராதியைப் புரட்டி, அயர்வை அகற்றுவது எதுவோ, களைப்பைக் கழுவுவது எதுவோ, அதற்கு ஒரு சொல் கண்டார். இளைப்பு ஆற்றுவது இளைப்பாற்றி. அழகான சொல்! அளவெடுத்துத் தைத்தது போன்ற சொல்! சங்க விதியிலும் எழுதிவிட்டார்: 'இவ்வறை இளைப்பாற்றிக்கு மட்டுமே. வேறெதற்கும் பயன்படுத்தலாகாது.'

எல்லோரும் கை தட்டினோம். ஏரிக்கரைத் தெருவில் மட்டும் யாரும் தட்டவில்லை. ஏன் என்று நாம் கேட்கவும் இல்லை.

மண்டபம் நின்றுகொண்டிருக்கும் மண்ணில் பாதி அந்தத் தெரு விட்டுக்கொடுத்தது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். இளைப்பாற்றி என்ற சொல்லுக்காக அவர்கள் அகராதிக்குப் போக வேண்டியதில்லை. அது அவர்கள் நாக்கிலேயே இருக்கிறது. எப்போது சொல்வார்கள் தெரியுமா? ஒருவர் இறந்த பிறகு! மரித்தவர்களுக்காகச் செய்யும் செபத்தில், அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி தரும்படி ஆண்டவரிடம் மன்றாடும் இடத்தில் வரும் சொல் அது. நாம் போண்டாவுக்கு வைத்த பெயர், பின்தெருவில் பிணத்துக்கு உரிய பெயர். வருடக்கணக்காக அவர்கள் அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறார்கள். சாவுக்கு ஓர் அறை கட்டி வைத்து, அதற்குள் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறார்களே என்று நம்மை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

சரி, சட்டத்துக்கு வருகிறேன். தலைவர் மீண்டும் கடிகாரம் பார்க்கிறார், வேகமாகவே வருகிறேன். சட்டம் ஒரு சொல்லுக்குத் தானே பொருள் சொல்லியிருந்தால், அதுதான் பொருள். சொல்லவில்லையா? அந்தச் சொல்லோடு அன்றாடம் புழங்கும் சாதாரண மனிதர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ, அந்தப் பொருளைத்தான் நீதிமன்றம் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். பண்டிதர் சொல்லும் பொருளை விட்டுவிட்டு, பால் வாங்கப் போகிறவர் சொல்லும் பொருளைக் கேட்கும். நம் விதியில் இளைப்பாற்றிக்குப் பொருள் எழுதவில்லை. இந்தச் சொல்லோடு புழங்குகிறவர்கள் யார்? நாமா, அவர்களா? கார்த்திகை மாதத்து மழையில் ஒரு நாள் இந்தக் கேள்வி அந்த அறைக்குள் வந்து படுத்துக்கொண்டது.

துரையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். சுக்கு தட்டிப் போட்ட டீ. இந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் டீ அவருடையது. நாம் பேச்சு மும்முரத்தில் இருப்போம். பின்னாலிருந்து, வலது தோளுக்கு மேலாக, ஒரு பேப்பர் கப் வரும். வாங்கிக்கொள்வோம். திரும்பிப் பார்த்து முகத்தை யார் பார்த்தோம்? நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்த்ததில்லை.

அன்று காலை ஏரி வழிந்தது. கரையோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சைக்கிளும் கேனும் தண்ணீருக்குள் போய்விட்டன. துரையை மட்டும் தூக்கினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாதா கோயிலைச் சுற்றியும் தண்ணீர். ஒரே மகள் ஜாஸ்மின் திருச்சியில் நர்ஸ். அவள் ஏறிய ரயிலைத் தண்டவாளத்தில் தண்ணீர் என்று செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தார்கள். மகள் வந்து முகம் பார்க்கும்வரை அப்பாவை வைத்திருக்க வேண்டும். துரையின் மனைவி செல்வமேரிக்கு அன்று உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

துரையின் தம்பி அன்பு அண்ணியிடம் சொன்னானாம்: "மண்டபத்துல ஜெனரேட்டர் கீது அண்ணி. அந்த ரூமு இதுக்குன்னுதான கட்டி வச்சிக்கிறாங்க." வாட்ச்மேனும் ஏரிக்கரைத் தெருக்காரர். அவருக்கும் அதில் சந்தேகம் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டார். நாம் இட்லி அடுக்கும் கடப்பாக்கல் மேடையில் ஃப்ரீசர் பெட்டியை வைத்து, உள்ளே துரையைப் படுக்க வைத்து, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

அன்று மாலை நம் செயற்குழுக் கூட்டம். தோத்தாத்ரி சார் நனையாமல் மார்போடு அணைத்த வடைப் பொட்டலத்தோடு கதவைத் திறந்தார். திறந்தவர் திறந்தபடியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இது டிபன் சாப்பிடற இடம்."

செல்வமேரி எழுந்து நின்று, கும்பிட்டுச் சொன்னாள்: "சார், போர்டுல எழுதிக் கீதே சார்."

எனக்குப் போன் வந்தது. வக்கீலைக் கூப்பிடு என்றால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து போனேன். உள்ளே நம் தலைவர் இருந்தார், தோத்தாத்ரி சார் இருந்தார், குழு உறுப்பினர்கள் சிலர் இருந்தார்கள். விதி இருக்கிறது, இது வேறு பயன்பாடு, உடனே எடுத்தாக வேண்டும் என்று தலைவர் உறுதியாகச் சொன்னார். கோபித்துக்கொள்ளாதீர்கள் தலைவரே, நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். எங்கே எடுத்துப்போவது, ரோடு எல்லாம் ஏரியாகிக் கிடக்கிறதே என்று அன்பு கேட்டான். அவன் ரொம்ப நேரம் நிற்கவில்லை. ரயில் நகர ஆரம்பித்துவிட்டது என்று தகவல் வர, பைக்கைத் தண்ணீரில் மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

நான் விதியைப் படித்தேன். இளைப்பாற்றிக்கு மட்டுமே. பொருள் எழுதவில்லை. புழங்குகிறவர் பொருளே பொருள். அப்படியானால் இந்த அறைக்கு உரிமையோடு வந்திருப்பவர் துரை ஒருவர்தான், இத்தனை நாள் விதியை மீறி உள்ளே உட்கார்ந்து வடை தின்றது நாம்தான் என்று வாதத்துக்காகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் பெட்டிக்கு மட்டும் ஓடியது. அறையில் மெழுகுவத்தி வெளிச்சம், கூரையில் மழை, பெட்டியின் உறுமல். துரையின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. செல்வமேரி முந்தானையால் துடைத்தாள். மறுபடி படர்ந்தது. துடைத்தாள். படர்ந்தது. பனி உள்பக்கத்தில் இருந்தது என்று எனக்குப் பட்டது. பட்டது என்றுதான் சொல்கிறேன். நான் சாட்சி, பார்த்ததற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அப்போது அவள் சொன்னாள்: "உக்காருங்க சார். எல்லாரும் நனைஞ்சிக்கினு நிக்கிறீங்களே."

உட்கார்ந்தோம். ஏன் உட்கார்ந்தோம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. சண்டைக்கு வந்தவர்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போலச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் ஒரு கனம் இறங்கியது. முட்டியில் இறங்கியது, தோளில் இறங்கியது, இமையில் இறங்கியது. மனைவியை இழந்ததிலிருந்து மாத்திரை இல்லாமல் உறக்கம் வராத தோத்தாத்ரி சார், வடைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி கண் மூடினார். தலைவர் மூடினார். நானும் மூடினேன். தூக்கம் என்று சொல்ல முடியாது, மழைச் சத்தம் முழுக்கக் கேட்டது. விழிப்பு என்றும் சொல்ல முடியாது.

அந்த மயக்கத்தில் வலது தோளுக்கு மேலாக ஒரு கப் வந்தது. வாங்கினேன். குடித்தேன். சூடாக, சுக்கு தூக்கலாக, தொண்டையில் இறங்கி நெஞ்சை நிறைத்தது. அன்புதான் எங்கோ வாங்கி வந்து கொடுக்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தோம், அன்று பார்ப்பதற்கு?

கரண்ட் வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேப்பர் கப். ஒவ்வொரு கப்பின் அடியிலும் சுக்குத் திப்பி, இன்னும் ஈரமாக. அன்பு எங்கே என்று தலைவர் கேட்டார். அன்பு இன்னும் தாம்பரத்திலிருந்து வரவில்லை. டீ யார் கொடுத்தது என்று செல்வமேரியைக் கேட்டோம். அவள் எங்கள் கைகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் அடுப்பு இல்லை. தெருவில் கடை திறக்கவில்லை. துரையின் கேன் ஏரிக்குள் கிடந்தது.

பெட்டியை எடுக்க வேண்டும் என்று அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஜாஸ்மின் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள், உள்ளே வராமல் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா டீ வாசனை வருதே மா" என்றாள். பிறகுதான் பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பெண் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்து அழுததை நான் வர்ணிக்கப் போவதில்லை, பெற்றவர்கள் இருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கதவோரத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அதன்மேல் ஒரு கப், நிறைய டீயோடு, ஆவி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் வைக்கவில்லை. தோத்தாத்ரி சார்தான் எழுந்து போய் அதை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் நீட்டினார். "குடிம்மா. உனக்குத்தான்" என்றார். அவள் நின்றபடியே குடித்தாள்.

அன்பர்களே! அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் விட்டு இறந்தவர்களின் தாகம் தீர்க்கிறவர்கள் நாம். இறந்தவர் நம் தாகம் தீர்த்தது எங்காவது உண்டா? துரத்த வந்தவர்களுக்கு உபசாரம் செய்த பிணம் எங்காவது உண்டா? இளைப்பாற்றிக்கு அகராதி சொன்ன பொருள் சரி. ஏரிக்கரைத் தெரு சொன்ன பொருள் சரி. இரண்டும் ஒரே அறையில், ஒரே மாலையில், ஒரே மனிதரின் கையால் நடந்தது. உயிரோடு இருப்பவரின் களைப்பு வேறு, போனவரின் களைப்பு வேறு என்று நாம் போட்டு வைத்திருந்த கோடு அன்று அழிந்துபோயிற்று!

பின்னால் யாரோ சொல்கிறார்கள், வக்கீலம்மா கனவு கண்டிருப்பாங்க என்று. இருக்கட்டும் தம்பி. கனவில் குடித்த டீக்குக் கையில் கப் இருக்காது. நீதிமன்றத்தில் இதே ரெஃப்ரெஷ் என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. சாட்சிக்கு மறந்துபோனால், தன் குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. குறிப்பு எதுவும் நான் கொண்டுவரவில்லை. அன்று அந்த அறையில் டீ குடித்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் சொன்னது பொய் என்றால் அவர்களில் ஒருவர் எழுந்து சொல்லட்டும். காத்திருக்கிறேன்.

எழவில்லை. தலைவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் ஏன் பூட்டச் சொல்கிறார்கள்? பயம்! பிற்பகல் ஆனால் சுக்கு வாசனை வருகிறதாம். ஒரு பெண்பிள்ளை தினமும் வந்து அந்த அறையில் தனியாக உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். குழந்தைகள் மிரள்கிறார்களாம். யார் அந்தப் பெண்பிள்ளை? செல்வமேரிதான். பெயரைச் சொல்லக்கூட நாக்கு வரவில்லையா நமக்கு?

போன வாரம் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏம்மா தினமும் வந்து உட்காருகிறாய், மகளோடு திருச்சிக்குப் போயிருக்கலாமே என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு உங்க எல்லாருக்கும் குடுத்தாரு. பாப்பாக்கும் வச்சிட்டாரு. எனக்குத் தரல மேடம். கல்யாணம் ஆனதுல இருந்து அப்டித்தான், ஊருக்கெல்லாம் ஊத்திட்டு, கேன்ல கடசியா நிக்கிறத எடுத்தாந்து எனக்கு ஊத்துவாரு. அத்த நான் குடிச்சாத்தான் அவரு உக்காருவாரு. இன்னும் வரல. எங்கியோ ஊத்திக்கினுதான் கீறாரு."

கேட்டீர்களா தாய்மார்களே? அவள் அழவில்லை. தாமதமாகும் புருஷனுக்காக வாசலில் காத்திருக்கும் பெண்ணின் குரலில் சொன்னாள். அவர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். நெஞ்சு வலியோடு, நனைந்த சட்டையோடு, யார் யார் களைத்திருக்கிறார்களோ அவர்கள் தோளுக்கு மேலாகக் கப்பை நீட்டிக்கொண்டு! எல்லோருக்கும் இளைப்பாற்றி கொடுக்கும் அந்த மனிதருக்கு இளைப்பாற்றி இன்னும் கிடைக்கவில்லை. அவள் கையில் அந்தக் கடைசிக் கப்பைக் கொடுத்துவிட்டு அவர் உட்கார வேண்டிய இடம் அந்த அறை. அதைப் பூட்டச் சொல்கிறீர்களா? பூட்டிவிட்டு, அவர் வந்து கதவைத் தட்டினால் யார் எழுந்து போய்த் திறப்பீர்கள்?

பலகை அங்கேயே இருக்கட்டும். கதவு திறந்தே இருக்கட்டும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் தங்கள் பிணத்தை அங்கே வைத்துக்கொள்ளட்டும். மற்ற நாளில் நாம் வடை தின்போம், தப்பே இல்லை. விதியில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

இப்போது தலைவர் வாக்கெடுப்பு நடத்துவார். பூட்ட வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கை தூக்கலாம், அது உங்கள் உரிமை. தூக்கும் முன் வலப்பக்கம் பாருங்கள். யாரும் உட்காராத அந்த வரிசையில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்து ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், செல்வமேரி. தனக்குப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்குங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பயந்தாலும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போய்ச் சேர்ந்தவர்களுக்கும், இன்னும் போய்ச் சேராதவருக்கும் சேர்த்தே சொல்லி அமர்கிறேன்: வணக்கம்.